உச்சிக்கு 400 அடி கீழே: யோசெமிட்டியில் திரும்பி நடந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பக் கூறல்களை நீக்கியிருக்கிறோம். மற்றபடி பேசியது பேசியபடி.)

போன வாரம் ஒரு போட்டோ போட்டிருந்தேன். ஒரு மொட்டைப் பாறை, அதுல மேல் நோக்கிப் போற ரெண்டு இரும்புக் கம்பி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எறும்பு வரிசை மாதிரி மனுஷங்க. வந்த கமென்ட்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "மேல ஏறினீங்களா?"

ஏறலை. அந்தக் கம்பி தொடங்குற இடத்துல நின்னு எடுத்த படம் அது. அங்கேருந்து உச்சிக்கு 400 அடிதான் பாக்கி. திரும்பி நடந்துட்டோம். ஏன் திரும்பினோம், அந்தப் பாறை எப்படி வந்தது, நீங்க போறதா இருந்தா என்ன தெரிஞ்சு வச்சுக்கணும், இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

இடம், யோசெமிட்டி தேசியப் பூங்கா. எழுத்தைப் பார்த்து ரொம்ப நாள் நான் 'யோசமைட்'னுதான் படிச்சுக்கிட்டிருந்தேன். கலிஃபோர்னியாவுல, சியரா நெவாடா மலைத்தொடர்ல இருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கார்ல சுமார் நாலு மணி நேரம். 'பார்க்'னு பேர் இருக்கறதால பெஞ்சு, புல்வெளின்னு கற்பனை பண்ணிக்காதீங்க. பரப்பளவு 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. அதுல கிட்டத்தட்ட 95 சதவீதம் சட்டப்படி 'வில்டர்னஸ்', அதாவது மனுஷன் வந்து பார்த்துட்டுப் போகலாம், தங்கிவிடக் கூடாதுன்னு ஒதுக்கின காடு. ரோடு கிடையாது, புதுக் கட்டடம் கிடையாது, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. இந்த 'தங்கிவிடக் கூடாது'ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் பேர் வர்றாங்க. வர்றவங்கள்ல பெரும்பாலானோர் போறது ஒரே பள்ளத்தாக்குக்கு. 11 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான். அதனால கோடைகாலத்துல 'வனாந்தரம்'னு போற உங்களை முதல்ல வரவேற்கிறது டிராஃபிக் ஜாம். சில வருஷங்கள்ல கார்ல உள்ள போறதுக்கே முன்பதிவு வேணும்னு வச்சிருந்தாங்க, சில வருஷம் வேண்டாம்னாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பூங்காவோட இணையதளத்தைப் பார்த்துடுங்க. கார் ஓட்டாதவங்களுக்கு மெர்செட், ஃபிரெஸ்னோ ஊர்கள்லேருந்து 'யார்ட்ஸ்'னு பஸ் இருக்கு, அந்த டிக்கெட்லயே நுழைவுக் கட்டணமும் அடங்கிடும். இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை.

நாங்க மூணு பேர். நான், என் ரூம்மேட், அவனோட அக்கா. அக்கா பத்து வருஷமா அந்தப் பக்கம் இருக்காங்க, மலை ஏறிப் பழகினவங்க. தெற்குப் பக்கமா வந்தா 1933-ல திறந்த ஒரு சுரங்கப் பாதை வரும். அதுக்குள்ள போறப்போ அக்கா, "போனை உள்ள வை தம்பி, முதல்ல கண்ணால பாரு"ன்னாங்க. வெளிய வந்த உடனே 'டனல் வியூ'. இடது பக்கம் எல் கேப்பிடான், தரையிலிருந்து சுமார் 3,000 அடி ஒரே சுவரா நிக்கிற கிரானைட். வலது பக்கம் பிரைடல்வெயில் அருவி. நடுவுல, ரொம்பத் தூரத்துல, பாதி வெட்டின உருண்டை மாதிரி ஹாஃப் டோம். நான் ஒண்ணும் சொல்லலை. ரூம்மேட் மட்டும், "டேய், இது மேலயா நாளைக்கு ஏறப் போறோம்?"னு கேட்டான்.

அந்த இடத்துல நின்னா ஒண்ணு உறுத்தும். ரெண்டு பக்கமும் சுவர் செங்குத்தா இருக்கு, ஆனா தரை மேஜை மாதிரி சமமா இருக்கு. எப்படி? இந்தக் கேள்விக்காக 19-ஆம் நூற்றாண்டுல பெரிய சண்டையே நடந்திருக்கு. அப்போ கலிஃபோர்னியாவோட அரசு புவியியலாளர் ஜோசையா விட்னி. தரை அப்படியே உள்ள இடிஞ்சு இறங்கினதாலதான் இந்தப் பள்ளத்தாக்கு உண்டாச்சுங்கிறது அவர் முடிவு. ஜான் மியூர்னு ஒருத்தர், அங்க ஆடு மேய்ச்சவர், மரம் அறுக்குற மில்லுல வேலை பார்த்தவர், மலை முழுக்க நடந்து பார்த்துட்டு இது பனியாறு செதுக்கினதுன்னு சொன்னார். ஆட்டுக்காரனுக்கு என்ன தெரியும்னு விட்னி ஒதுக்கினார். ஜெயிச்சது பெரும்பாலும் ஆட்டுக்காரர்தான். முதல்ல மெர்செட் ஆறு வெட்டினது, அப்புறம் பல தடவை வந்துபோன பனியாறுகள் அதை ஆழமாக்கி அகலமாக்கின. கடைசியா வந்த பனியாறு பின்வாங்கினப்போ, தள்ளிட்டு வந்த கல்லும் மண்ணும் அணை மாதிரி நின்னு பின்னால ஏரி உண்டாச்சு. ஏரியில ஆத்து வண்டல் கொஞ்சம் கொஞ்சமா நிரம்பிடுச்சு. நாம கார் நிறுத்துற அந்தச் சமதரை, நிரம்பிப்போன ஒரு ஏரி.

ஹாஃப் டோம் கதை வேற. பேரைக் கேட்டா முழு உருண்டையில பாதி உடைஞ்சு விழுந்த மாதிரி தோணும். உண்மையில காணாமப் போனது கொஞ்சம்தான். பூமிக்கு அடியில பல கிலோமீட்டர் ஆழத்துல குழம்பு குளிர்ந்து இறுகின பாறை இது, எட்டரைக் கோடி வருஷத்துக்கும் மேல ஆச்சு. மேல இருந்த சுமை அரிச்சுப் போனதும், அழுத்தம் விலகின பாறை வெளிப்பக்கமா விரிஞ்சு, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியுது. முனை எல்லாம் முதல்ல உரியறதால வழவழன்னு உருண்டை வடிவம் வருது. செங்குத்தா இருக்கிற அந்த வெட்டு முகத்துக்குக் காரணம் பாறையில மேலிருந்து கீழா ஓடின விரிசல்கள். அடியில பனியாறு அரிக்க, விரிசல் வழியா பலகை பலகையா பாறை சரிஞ்சது. உச்சி மட்டும் பனிக்கு மேலயே நின்னுக்கிட்டிருந்தது.

இதன் உச்சியில மனுஷன் கால் படவே படாதுன்னு விட்னியோட குழு அப்போ எழுதி வச்சது. 1875 அக்டோபர்ல ஜார்ஜ் ஆண்டர்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பாறையில துளை போட்டு, இரும்பு ஆணி அடிச்சு, அந்த ஆணி மேலயே கால் வச்சு அடுத்த துளை போட்டு, அப்படியே ஏறிட்டார். விட்னிக்கு அந்தப் பாறை ராசியே இல்லை. கம்பி வழியை முதல்ல 1919-ல போட்டாங்க. ரெண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி, நடுவுல சில அடிக்கு ஒரு மரப்பலகை. சாய்வு சுமார் 45 டிகிரி. மே மாசக் கடைசியிலேருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைக்கும்தான் கம்பியைத் தூக்கிக் கட்டி வைப்பாங்க. மத்த நாள்ல அது பாறை மேலயே படுத்துக் கிடக்கும்.

சரி, பெர்மிட். முன்னெல்லாம் யார் வேணும்னாலும் ஏறலாம். வார இறுதியில ஆயிரம் பேர் ஒரே கம்பியில தொங்கியிருக்காங்க. மேல ஏறுறவன் பயந்து நடுவுல நின்னா, பின்னாடி இருக்கிறவங்க எல்லாரும் அந்தச் சாய்வுல நிக்கணும். அதனால 2010-ல வார இறுதிக்கு மட்டும் பெர்மிட் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷத்துலேருந்து எல்லா நாளுக்கும். நாளைக்குச் சுமார் 300 பேர், அதுல 225 பேர் ஒரே நாள்ல போய்த் திரும்புறவங்க. மார்ச் மாசம் முழுக்க லாட்டரிக்கு விண்ணப்பிக்கலாம், ஏப்ரல்ல முடிவு வரும். ஒரு விண்ணப்பத்துல ஆறு பேர் வரைக்கும் சேர்க்கலாம். கிடைக்கலைன்னா, போக வேண்டிய நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி தினசரி லாட்டரி ஒண்ணு இருக்கு. ஞாபகம் வச்சுக்க வேண்டியது, பெர்மிட்டுக்கு ஒரு 'லீடர்' பேரு போடணும், அந்த ஆளோ மாற்று ஆளோ அடையாள அட்டையோட நேர்ல இருந்தாதான் செல்லும். எங்களுக்கு ரெண்டு வருஷம் கிடைக்கலை. மூணாவது வருஷம் அக்கா பேர்ல கிடைச்சது. இதை ஏன் சொல்றேன்னா, அந்தக் காகிதத்துக்கு எங்க மனசுல எவ்வளவு வெயிட் இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியணும்.

நடுவுல கரடி. யோசெமிட்டியில இருக்கிறது கறுப்புக் கரடி. மனுஷனைத் தேடி வராது, மனுஷன் சாப்பாட்டைத் தேடி வரும். 1998-ல மட்டும் கார் உடைச்சது, டென்ட் கிழிச்சதுன்னு 1,500-க்கும் மேல சம்பவம். அப்புறம் முகாம் எல்லாத்துலயும் இரும்புப் பெட்டி வச்சு, வாசனை வர்ற எல்லாத்தையும் அதுல பூட்டணும்னு கட்டாயமாக்கினாங்க. எண்ணிக்கை பெரிய அளவுல குறைஞ்சது. வாசனைன்னா சாப்பாடு மட்டும் இல்லை. டூத்பேஸ்ட், சோப்பு, தைலம். ரூம்மேட்டோட பையிலிருந்து முறுக்கு, ஆவக்காய், தேங்காய் எண்ணெய் பாட்டில் மூணையும் எடுத்து அக்கா பெட்டிக்குள்ள வச்சப்போ, "எண்ணெயுமா?"ன்னு கேட்டான். "எண்ணெய்தான் முதல்ல"ன்னாங்க. இது கரடிக்காகவும்தான். மனுஷ சாப்பாட்டு ருசி கண்டு முரட்டுத்தனம் பண்ண ஆரம்பிச்ச கரடியைக் கடைசியில சுட்டுடறாங்க.

காலைல நாலரைக்குக் கிளம்பணும்னு திட்டம். கிளம்பினது ஆறேகால். யார் தூங்கினதுங்கிற விவாதம் இன்னும் முடியலை, அதனால பேர் சொல்லலை. போய்த் திரும்ப 22-லேருந்து 26 கிலோமீட்டர், எந்தப் பாதைங்கிறதைப் பொறுத்து. மொத்தம் 4,800 அடி ஏற்றம். பத்துலேருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

முதல் பகுதி 'மிஸ்ட் டிரெயில்'. வெர்னல் அருவியை ஒட்டியே கல்லுல வெட்டின படி, அறுநூறுக்கும் மேல. பனி உருகுற காலத்துல அருவித் தூறல்ல முழுசா நனைஞ்சிடுவோம். எனக்கு அந்த நாள்லயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். காலை வெயில்ல காலுக்குக் கீழ வானவில் தெரிஞ்சது. இங்க அருவிகள் எல்லாம் பனி உருகின தண்ணி, அதனால மே, ஜூன்ல கொட்டும். 2,425 அடி உயரம் உள்ள யோசெமிட்டி அருவியே ஆகஸ்ட்ல பல வருஷம் வறண்டுடும். "ஆகஸ்ட் லீவ்ல போனோம், அருவியே இல்லை"ன்னு கோபப்படுறவங்களை நான் பார்த்திருக்கேன்.

வெர்னல் உச்சியில தண்ணி அமைதியா, குளம் மாதிரி தெரியும். கம்பி வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வச்சிருக்காங்க. 2011 ஜூலையில வேலியைத் தாண்டிப் போன மூணு பேரை ஆறு அருவி விளிம்புக்கு மேல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கால் வச்சா என்ன ஆகிடும்னு தோணுற அளவுக்குத்தான் அந்தத் தண்ணி இருக்கு. பனியாறு மெருகு போட்ட கிரானைட், மேல ஈரம், சோப்பு தடவின தரை மாதிரி.

சுத்திகரிச்ச குடிதண்ணி கடைசியா கிடைக்கிறது வெர்னலுக்கு முன்னாடி இருக்கிற பாலத்துலதான். ஆளுக்கு நாலு லிட்டர் வேணும், இல்லைன்னா ஆத்துத் தண்ணியை வடிகட்ட ஃபில்டர் வேணும். நான் ரெண்டரை லிட்டர்தான் எடுத்துட்டுப் போனேன். பதினொரு மணிக்கெல்லாம் அக்கா பாட்டில்லேருந்து குடிக்க ஆரம்பிச்சுட்டேன்.

ஹாஃப் டோமுக்கு முன்னாடி 'சப் டோம்'னு ஒரு குட்டி மொட்டை. அதன் அடிவாரத்துல ரேஞ்சர் பெர்மிட்டைப் பார்ப்பார். நாங்க அங்க போனப்போ மணி பன்னிரண்டேகால். கல் படியில ஏறி சப் டோம் மேல வந்தப்போ ஒரு மணி. அங்கதான் அந்தக் கம்பி முழுசா கண்ணுக்கு முன்னாடி வந்தது. போட்டோவுல பார்க்கிற சாய்வு வேற, நேர்ல வேற. நான் கிளவுஸ் மாட்டிக்கிட்டேன்.

அக்கா பாறையைப் பார்க்கலை, கிழக்குப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. காலைல அங்க ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. இப்போ காலிஃபிளவர் மாதிரி மேல மேல வளர்ந்த வெள்ளை மேகம், அடிப்பக்கம் சாம்பல் நிறம்.

"தம்பி, இறங்கலாம்"னாங்க.

ரூம்மேட் சிரிச்சான், விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு. "அக்கா, இருபது நிமிஷம். ஏறி ஒரு போட்டோ, இறங்கிடலாம்."

"ஏற இருபது நிமிஷம். மேல பத்து நிமிஷம். இறங்க வரிசையில நிக்கணும், அது உன் கையில இல்லை. மழை வந்தா எங்க இருப்ப?"

"அத்தனை பேர் ஏறிக்கிட்டிருக்காங்களே!"

ஏறிக்கிட்டுத்தான் இருந்தாங்க. நாற்பது பேராவது கம்பியில. அதுதான் கஷ்டம். யாருமே இல்லைன்னா திரும்பறது சுலபம். நான் அந்த நிமிஷம் மனசுக்குள்ள ரூம்மேட் பக்கம்தான் இருந்தேன், வாயைத் திறக்கலை. ரெண்டு வருஷ லாட்டரி, ஆறே முக்கால் மணி நேர நடை, எதிர்ல 400 அடி.

அக்கா சொன்னதுல விஷயம் இருக்கு, அதை அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கோடையில சியரா மலையில காலை வானம் சுத்தமா இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காத்து மேல எழும்பி, ஈரம் இருந்தா மதியத்துக்கு மேல இடிமேகமா வளர்ந்துடும். மொட்டைப் பாறை உச்சியில அந்த வட்டாரத்துலயே உயரமான பொருள் நீங்கதான். கையில பிடிச்சிருக்கிறது இரும்பு. 1985 ஜூலையில இதே உச்சியில மின்னல் தாக்கி ரெண்டு பேர் இறந்தாங்க, மூணு பேருக்குப் பலத்த காயம். சப் டோம் அடிவாரத்துலயே, இடிமேகம் தெரிஞ்சா ஏறாதேன்னு பலகை இருக்கு. நாங்க அதுக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்திருந்தோம். மின்னல் இல்லாம வெறும் மழையே போதும். நூறு வருஷமா பூட்ஸ் தேய்ச்சுத் தேய்ச்சு அந்தக் கம்பிப் பாதை பளபளன்னு ஆயிடுச்சு, நனைஞ்சா பிடிமானமே இருக்காது. கம்பியில நடக்கிற விபத்துல பெரும்பாலானது பாறை ஈரமா இருக்கும்போதுதான்.

"நீ வேணா போ. நான் உன்னைப் பிடிச்சு இழுக்கப் போறதில்லை. ஆனா அம்மாவுக்கு நான் போன் பண்ண மாட்டேன், நீயே பண்ணிட்டுப் போ"ன்னாங்க. அங்க சிக்னலும் வந்தது, அதான் கொடுமை. அவன் போனை எடுத்துப் பார்த்தான், உள்ள வச்சான். பையைத் தூக்கிக்கிட்டு எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி விடுவிடுன்னு இறங்க ஆரம்பிச்சான். நெவாடா அருவி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

இப்போ, மழை கொட்டி, இடி விழுந்து, அக்கா சொன்னது சரின்னு ஆச்சுன்னு சொன்னா கதை நல்லா இருக்கும். அப்படி நடக்கலை. ரெண்டு மணி வாக்கில தூரத்துல ரெண்டு உறுமல். மரங்களுக்குள்ள வந்தப்போ பத்து நிமிஷம் சாரல். அவ்வளவுதான். கம்பியில இருந்தவங்க எல்லாம் பத்திரமா இறங்கிட்டாங்க. சாயங்காலம் பக்கத்து முகாம்ல ஒரு கும்பல் உச்சியில எடுத்த போட்டோவை எங்ககிட்டயே காட்டினாங்க. ரூம்மேட் அக்காவைப் பார்த்த பார்வை இருக்கே.

நான் இதைப் பல தடவை யோசிச்சுட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதால நாங்க இறங்கினது தப்புன்னு ஆகிடாது, இது புரியுது. ஆனா கால் வலியோட படுத்திருக்கிறவன்கிட்ட அதைச் சொல்ல முடியாது. உண்மையான தப்பு காலைல ஆறேகாலுக்குக் கிளம்பினது. நாலரைக்குக் கிளம்பியிருந்தா, பதினொண்ணரைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. நீங்க போறதா இருந்தா, தயவுசெஞ்சு தூங்காதீங்க.

அடுத்த நாள் உடம்பு முழுக்க வலி, மலை வேண்டாம்னு பள்ளத்தாக்குலயே சுத்தினோம். மியூசியத்துக்குப் பின்னாடி மரப்பட்டையால கட்டின கூம்பு வடிவக் குடிசைகள் இருக்கு. சும்மா நிழலுக்குப் போன இடம், ரெண்டு மணி நேரம் ஆச்சு.

அந்தப் பள்ளத்தாக்குல ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷங்க வாழ்ந்திருக்காங்க. அவங்க இடத்தை 'அவானி'ன்னு கூப்பிட்டாங்க, அவங்க அவானீச்சி. கருவாலிக் கொட்டையை இடிச்சு, தண்ணில அலசிக் கசப்பை எடுத்து, கூழ் காய்ச்சிச் சாப்பிட்டவங்க. அந்த மரங்களுக்கு வெயில் கிடைக்கணும்னு அப்பப்போ தரையில சின்னதா தீ வைப்பாங்க. வெள்ளைக்காரங்க வந்து 'கன்னி நிலம்'னு வியந்த அந்தப் பெரிய புல்வெளிகள் பாதி இவங்க தீயால பராமரிச்சது. 1851-ல, தங்க வேட்டைக் காலத்துல, மரிபோசா பட்டாளம்னு ஒரு ஆயுதப் படை உள்ள நுழைஞ்சு குடிசைகளையும் சேமிச்ச உணவையும் எரிச்சு இவங்களைத் துரத்தினது. தலைவர் பேர் டெனாயா. அவரோட மக்களைப் பிடிச்ச ஏரிக்கரையில, இந்த ஏரிக்கு உன் பேரையே வைக்கிறோம்னு அவர்கிட்ட சொன்னாங்களாம். அதுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்குன்னு அவர் சொன்னதா அந்தப் படையில இருந்த ஒருத்தரே எழுதி வச்சிருக்கார். இப்போ வரைபடத்துல அது டெனாயா ஏரி. நாங்க அங்க கால் நனைச்சிருந்தோம்.

1864-ல லிங்கன் கையெழுத்துப் போட்டுப் பள்ளத்தாக்கைப் பாதுகாத்தார், 1890-ல தேசியப் பூங்கா உருவாச்சு. திரும்பி வந்த குடும்பங்கள் பூங்காவுல வேலை செஞ்சு, பயணிகளுக்குக் கூடை பின்னிக் காட்டி, ஓரமா ஒரு குடியிருப்புல இருந்தாங்க. 1969-ல அந்தக் குடியிருப்போட மிச்ச வீடுகளையும் இடிச்சுட்டாங்க. கடைசியா அங்க வசிச்ச அவானீச்சி வம்சத்தவர் பூங்கா ஊழியர், 1996-ல ஓய்வு பெற்றதும் அவரும் வெளியேற வேண்டியதாச்சு. மியூர் மேல எனக்கு இருந்த மரியாதையும் அன்னைக்குக் கொஞ்சம் சரிஞ்சது. பூர்வகுடிகளைப் பத்தி அவர் இழிவா எழுதினதை, அவர் தொடங்கின சியரா கிளப்பே 2020-ல வெளிப்படையா ஒத்துக்கிச்சு. 2018-ல அந்தப் பழைய குடியிருப்பு இருந்த இடத்துல பண்பாட்டு மையம் கட்டிக்கலாம்னு தெற்கு சியரா மீவுக் மக்களோட பூங்கா ஒப்பந்தம் போட்டிருக்கு. 'வஹோகா'ன்னு பேர். வட்டமான சடங்கு வீடு ஒண்ணு அங்க எழும்பியிருக்கு.

அதைப் படிச்சுட்டு வெளிய வந்தப்போ ரூம்மேட் ரொம்ப நேரம் கழிச்சு வாயைத் திறந்தான். "நாம 400 அடிக்கு ரெண்டு நாளா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கோம்"னான். அக்கா ஒண்ணும் சொல்லலை, காரைத் திறந்தாங்க. அடுத்த நிமிஷமே, "ஆனாலும் அந்த மேகம் இடிமேகம் இல்லக்கா"ன்னான்.

போன மார்ச்ல மறுபடி விண்ணப்பிச்சோம். கிடைக்கலை. வர்ற மார்ச்லயும் போடப் போறோம். லீடர் பேர் யாரோடதுங்கிறதுதான் இப்போ வீட்ல ஓடுற சண்டை. தன் பேரைப் போடணும்ங்கிறான். அக்கா சரின்னுட்டாங்க, அலாரம் மட்டும் தன்னோட போன்லதான் வைப்பாங்களாம், மூணு மணிக்கு.